யானை வயிற்றில் வெள்ளைப் பொட்டு

ஸ்விட்சை அழுத்தினால் லென்ஸ் கரகரவென்று மண்ணை அரைத்துக்கொண்டுதான் வெளியே வரும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை கம்பெனியில் கேமரா வைத்திருந்தால் அப்படித்தான். மேஜை, நாற்காலி, என் தலைமுடி, டிபன் பாக்ஸ் மூடி… எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசு.

உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா அது. முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதனால் அதற்கு மேல் உலகத்தில் கேமராவே கிடையாது என்பது முதலாளியின் எண்ணம்.

எனக்கு அப்போது அங்கே ஆபீஸ் வேலை. மெயில் அனுப்புவது, ஃபோன் எடுப்பது. பொம்மைகளைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புவதும் என் தலையில்தான் விழுந்தது.

நேற்று என் மகள் வந்து, "அம்மா, என் சின்ன கேமராவையே வச்சிக்கவா, பெரிய எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கவா?" என்று கேட்டாள். பழைய சின்ன கேமராவெல்லாம் இப்போது மறுபடி ஃபேஷனாம். சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது. பிள்ளை பாவம், ஒன்றும் புரியாமல் முழித்தாள். அதனால் உங்களிடம் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளபளக்கிற பீங்கான் மேல் நேராக ஃபிளாஷ் அடித்தால், அந்த வெளிச்சம் பொம்மை மேல் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஃபிளாஷை அணைத்தால் அந்த இருட்டு ஆபீஸில் படம் கலங்கிப் போகும். வெளியே கொண்டுபோய் வைத்தால் மரம், சுவர், என் மூஞ்சி எல்லாம் பொம்மை வயிற்றில் தெரியும்.

ஜங்ஷன் ரோட்டு ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். "எஸ்.எல்.ஆர். வாங்கச் சொல்லுங்கம்மா. தனி ஃபிளாஷ மாட்டி சீலிங்கப் பாத்து அடிச்சீங்கன்னா பொட்டு வுழாது" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் யோசித்தார்… யோசித்தார்… யோசித்துக்கொண்டே இருந்தார். "பொம்மையத்தானேம்மா எடுக்கறோம், பொண்ணா பாக்கப் போறோம்?" என்பார். மச்சான் மனசு கோணுமே என்பார். அமாவாசை போகட்டும் என்பார். ஆடி முடியட்டும் என்பார். ஒரு கேமரா வாங்க இத்தனை சகுனம்.

அஞ்சலை அக்கா அங்கே பொம்மைகளைப் பளபளப்பு தருகிற கிளேஸ் பூச்சில் முக்குகிற வேலை பார்த்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் மகள் திட்டக்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பொம்மையை விரலால் பிடித்து கிளேஸ் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது. அதை பிரஷ்ஷால் தொட்டு மூடிவிட வேண்டும். மறந்தால், சூளையிலிருந்து அந்த இடம் மட்டும் மொட்டையாக, வெள்ளையாக வரும். அக்கா மறந்து நான் பார்த்ததில்லை.

பச்சை நிற யானைப் பொம்மைக்கு ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. படம் கேட்டார்கள். அனுப்பினேன். ஒவ்வொரு யானையின் வயிற்றிலும் விரல் அடையாளம் வெள்ளையாகத் தெரிகிறது, இப்படி இருந்தால் எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

முதலாளி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து அறையில்தான் அந்த யானைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டார்.

"கை வெச்ச எடத்த மூடத் தெரியாதா உனக்கு? இத்தினி வருஷமா என்னத்த கிழிச்ச? நாளையிலேந்து வராத."

நான் ஒரு யானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "சார், இதப் பாருங்க சார். எங்க சார் இருக்குது பொட்டு? அது ஃபிளாஷு சார்." திருப்பித் திருப்பிக் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனுஷன். "வாங்கறவன் பாத்துட்டு சொல்றான். நீ போயி வேலயப் பாரும்மா" என்றார்.

அக்கா அழவில்லை. கையைக் கழுவினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஊருக்கு வந்த மச்சானே, "எஸ்.எல்.ஆர். ஒண்ணு வாங்குங்க மாமா" என்று சொல்லிவிட்டார். மறுவாரமே வந்துவிட்டது. நல்ல ஆடி மாசத்தில்! சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து என்னிடம் கொடுத்தார்கள்.

படம் எடுத்தேன். அதே யானைகள்தான், அஞ்சலை அக்கா முக்கி எடுத்த யானைகள். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. முதலாளி பார்த்துவிட்டுச் சொன்னார்…

"பாத்தியா, ஆள மாத்துனதும் எப்படி சுத்தமா வந்திருக்குது."

"சார், இதுவும் அந்த அக்கா முக்குனதுதான் சார்" என்றேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு" என்றார். ஆர்டர் கிடைத்தது. லாரியில் ஏறிப் போனவையும் அக்காவின் யானைகள்தான். அக்காவை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. தீபாவளி வரைக்கும்கூட நான் அங்கே இருக்கவில்லை.

இப்போது என் ஃபோனே இருட்டில் ஃபிளாஷ் இல்லாமல் அருமையாக எடுக்கிறது. சின்னதா பெரிசா என்று கம்பெனிகளில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கம் போகும்போது சூளைச் சூடும் ஈர மண் வாசனையும் வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது… அந்த ஆளைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. வேலை போனதுமே மகளின் படிப்பை நிறுத்திக் கூட்டி வந்துவிட்டாராம். பிறகு களை எடுக்கத்தான் போனாராம், எந்தக் கம்பெனிக்கும் போகவில்லையாம்.

"ஏங்க்கா? இத்தன கம்பெனி இருக்குது, எங்கயாச்சும் போயிருக்கலாமே?"

"கை சரியில்லன்னு ஆயிப்போச்சே… இன்னொருத்தர் பொருளையும் ஏம்மா கெடுக்கணும்?"

 அதற்குள் பஸ் வந்துவிட்டது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே நின்று கத்தினேன். "அக்கா, உங்க மேல தப்பே இல்லக்கா. நான் யானைய கையில வச்சிப் பாத்தேன். ஒரு பொட்டும் இல்லக்கா. அது அந்தக் கேமராக்கா."

அக்கா கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"நீ நல்ல பொண்ணும்மா. என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற."