ஒரு நிமிட எஞ்சின்

சிதம்பரத்தில் எனக்கு பேட்டரி கடை. பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். "தம்பி, வண்டி மறுபடியும் கெளம்பல." கொஞ்சம் எரிச்சலோடுதான் போனேன்.

வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, ஒடிசலான உடம்பு. கார் துபாயில் இருக்கும் மகனுடையது. பாய்க்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரியும். அதற்கும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார்.

பேட்டரியில் பழுதில்லை, சார்ஜ்தான் இறங்கியிருந்தது. கொண்டுபோன பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டி வண்டியைக் கிளப்பினேன்.

"தெனமும் ஸ்டார்ட் பண்றீங்களா, பாய்?"

"பண்றேன் தம்பி. மத்தியானம் மவன் வீடியோ கால்ல வருவான். வண்டி சத்தம் கேக்கணும்பான். ஒரு நிமிஷம் கேட்டுட்டு வச்சிடுவான். நானும் ஆஃப் பண்ணிடுவேன்."

"அதாலதான் பேட்டரி எறங்குது. ஸ்டார்ட் பண்ணப்போ போன சார்ஜ் ஒரு நிமிஷத்துல திரும்பி ஏறாது. இருவது நிமிஷமாவது ஓடணும்."

அவர் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தபடி யோசித்தார்.

"இருவது நிமிஷம் அவன் பேச மாட்டானே, தம்பி."

மகன் பேசாதபோதும் வண்டியை ஓடவிடலாம் என்று விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டினார்.

அடுத்த மாதமும் கூப்பிட்டார். எதுவும் கேட்காமல் கேபிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.