தடுத்தவருக்குக் கட்டம் இல்லை

1. செஞ்சியில் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து அணி ஒன்றை அமைக்கப் போவதாகச் சொன்னார். எட்டுப் பேருக்கு மில்லில் நிரந்தர வேலை. பகலில் மில், மாலையில் பந்து.
2. ஆள் எடுப்பதற்காக மூன்று ஞாயிறுகள் பதினாறு பேரை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள்.
3. ஸ்கோர் எழுதியது நான்.
4. பதினாறு பேரில் சிறந்தவர் என்று நான் கண்ட ஒருவரை அவர்கள் எடுக்கவில்லை.
5. எடுக்காததற்குக் காட்டிய ஆதாரம் என் கையெழுத்து.

நடந்தது இவ்வளவுதான். ஐந்தாவதை எழுதும்போது இப்போதும் வாய் கசக்கிறது.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் படம் வரைகிறேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் நைனா என்னை ஸ்கோர் மேசையில் உட்கார வைத்தார். நைனா என்றால் என் அப்பா. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ஆட்டத்துக்கு நடுவர். ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் மைதானத்தை மூடியதும் விசில் ஊதுவார்.

ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு. ஒன்று புள்ளிக்கு, மற்றது ஃபவுலுக்கு. வேறு எதற்கும் அதில் இடமில்லை.

நான் சொல்லும் ஆள் அவலூர்பேட்டைச் சந்தையில் மூட்டை இறக்குபவர். வேலை இருக்கும் நாளில்தான் கூலி. அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மேல்மலையனூரில் தாய் வீட்டில் இருந்தாள். மில் வேலை கிடைத்தால் செஞ்சியில் ஓர் அறை பிடித்து அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று நைனாவிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். மற்றபடி மைதானத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எதிரணியில் நன்றாகப் பந்து போடுகிறவன் யாரோ, அவன் முன்னால் போய் நிற்பார். பந்தைப் பார்க்க மாட்டார். அவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டே நகர்வார். அவனுக்கு வாகான இடத்துக்கு அவனுக்கு முன்பே போய் நின்றுவிடுவார்.

விழுப்புரத்திலிருந்து வந்த ஒருவனும் இருந்தான். வளையத்தில் பந்தைப் போட்டவனுக்கு முதலாளியின் ஆள் ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுப்பது வழக்கம். இவன் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாய் கொப்பளித்து எல்லைக் கோட்டின் மேலேயே துப்புவான். தன் பக்கத்து வளையத்தைக் காக்க ஒரு தடவையும் திரும்பி ஓடியதில்லை. முன்னாலேயே நின்றுகொண்டு அடுத்த பந்துக்குக் கை நீட்டுவான். கூட்டம் அவனுக்குத்தான் கை தட்டியது.

மூன்றாவது ஞாயிறு இருவரும் எதிரெதிரே நின்றார்கள். முதல் பாதி முழுவதும் விழுப்புரத்தானால் ஒரே ஒரு தடவைதான் போட முடிந்தது. "இன்னாபா இது, இந்தாளு நின்னா சோடாவே ஒடைய மாட்டேங்குது" என்று சோடாக்காரர் சலித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. இரண்டாவது பாதியில் விழுப்புரத்தான் விழ ஆரம்பித்தான். தொட்டால் விழுந்தான், தொடாமலும் விழுந்தான். கூட்டம் கத்தியது, நைனா ஊதினார், நான் எழுதினேன். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட முடியாது; ஐந்தாவதில் மூட்டைக்காரர் வெளியே போனார். அதன் பிறகு பந்து மழையாக விழுந்தது. அவர் பக்கம் தோற்றது.

அன்று நான் ஒரு கிராஃப் தாளில் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். அவர் பறித்த பந்துகள், திருப்பி அனுப்பிய பந்துகள், அவர் இருந்தபோது எதிரணி போட்டவை, போன பிறகு போட்டவை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதலாளி, அவருடைய மைத்துனர், நைனா மூவரும் ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கப் பிண்ணாக்கு நாற்றம். முதலாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலால் என் ஸ்கோர் ஷீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாரு பாப்பா, நீயே எழுதிக்கீற. மூணு ஆட்டத்துல நாலே புள்ளி. ஃபவுலு மட்டும் வரிசையா நிக்குது."

கிராஃப் தாளை விரித்து விளக்க ஆரம்பித்தேன். அவர் வெற்றிலைப் பெட்டியை அதன் மேல் வைத்தார்.

"செவுத்துக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?"

"மில்லு கேட்டுல வாட்ச்மேனுக்குக் குடுக்கறீங்களே."

"அவன் சலாம் வெக்கிறான்ல."

மைத்துனர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதைப் பொறுத்துக்கொண்டேன். நைனாவும் சிரித்தார். விழுப்புரத்தான் விழுந்ததில் எது நிஜம் எது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதோடு முடியவில்லை. தேர்வான எட்டுப் பெயரையும் மைதானத்தில் மாட்டுவதற்குக் கொட்டை எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஓர் எழுத்தும் கோணவில்லை. இந்தக் கதையில் எனக்கு அதிகம் அருவருப்பு தருவது அந்த எட்டு வரிகள்தான்.

செவ்வாய்க்கிழமை மூட்டைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா இருந்தும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். தன் பெயரிருந்த வரியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார்.

"போலீஸ்காரன் நோட்டு மாதிரி கீதே தங்கச்சி. நான் புடுங்குன பந்துலாம் எங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லண்ணா."

கிராஃப் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் பார்த்தார்.

"மொதலாளி பாத்தாரா?"

"பாக்கல."

"அப்ப இது யாருக்கு?"

அவரே தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அணி இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பேரும் வளையத்தைப் பார்த்து வீசுகிறவர்கள். வெளியூரில் ஆடிய எந்த ஆட்டத்திலும் இதுவரை ஜெயிக்கவில்லை. இன்னும் நன்றாகப் போடுகிற ஒருவனை முதலாளி தேடிக்கொண்டிருக்கிறார். தடுத்தவர் இன்னும் அவலூர்பேட்டையில் மூட்டை இறக்குகிறார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் மேல்மலையனூரில்தான் இருக்கிறார்கள். நான் ஸ்கோர் எழுதுவதில்லை. நைனாவே எழுதிக்கொள்கிறார்.