திரும்பிப் பார்க்காதவன்

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கூலிக்காரர் குடிசையில் பிறந்து, ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்து, நாகப்பட்டினத்தில் எங்கள் கூடைப்பந்து அணியையே தோளில் சுமந்தவன் மருதையன். அவனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? அவனுக்கென்று ஒருவரும் இல்லை.

நான் காதர் மைதீன், ஜவுளிக்கடைக்காரர் மகன். அதே அணியில் ஆடினேன். அவன் பந்து கொடுக்காவிட்டால் என் ஆட்டத்தை நாய்கூடப் பார்க்காது.

எழுபத்திரண்டில் சென்னை ஆலை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுத்தது. மேனேஜர் தியாகராசன் ஒப்பந்தத் தாளோடு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் தங்கினார். மூன்று வருஷம் ஆட்டம், பிறகு நிரந்தர வேலை. இடம் ஒன்றுதான். அவர் கூப்பிட்டது மருதையனை. நான் துணைக்குப் போனவன்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. மருதையனின் அம்மா நீலாம்பாள் முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். குடிசை பூட்டிக் கிடந்தால் காலி மனை என்று மிராசுதார் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

“மாசம் ரெண்டு நாள் வந்து அடுப்பு மூட்டிட்டுப் போயிடறேங்க. பட்டா வர்ற வரைக்கும்தான். அதைத் தாள்ல எழுதிடுங்க” என்றான்.

“சீசன்ல லீவு கிடையாதுப்பா. சம்பளத்தை வேணா கூட்டித் தரேன்.”

“சம்பளம் இருக்கறதே போதுங்க. ரெண்டு நாள் குடுங்க.”

“முடியாது.”

மருதையன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

அவர்கள் ஊரில் அறுப்புக் கூலிப் பேச்சு இப்படித்தான் நடக்கும். படியவில்லையென்றால் எழுந்து நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் தோற்றான். வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் மிராசுதாரின் காரியக்காரர் எப்படியும் கூப்பிட்டுவிடுவார். இதை மருதையனே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான்.

தியாகராசன் ஜன்னலுக்குப் போனார். “நல்ல ஆட்டக்காரன். ரெண்டு நாள்தானே, குடுத்துடலாம். ஆனா நானா கூப்பிட்டா தலையில ஏறிக்குவான். ஒரு தடவை திரும்பிப் பாக்கட்டும்.”

கீழே மருதையன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கீழ்வேளூர் பஸ் ஒன்று போயிற்று. ஏறவில்லை. இன்னொன்றும் போயிற்று. அவன் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். “சார், அவங்க வழக்கம் அது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது பஸ்ஸில் அவன் ஏறினான். தாள் என் பக்கம் நகர்ந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்குப் பட்டா கிடைத்தது. கூலி வேலைக்குப் போனான், ஒருவனுக்கு மட்டும் சோறு பொங்கினான், கல்யாணம் என்றால் பேச்சை மாற்றினான். அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் போய்ப் பார்ப்பேன். நான் கிளம்பும்போது ரோடு வரைக்கும் வருவான். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பஸ் வந்தாலும் பேச்சை விடமாட்டான். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பான். இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வி, ஒரே பதில்.

“ஏன் காதரு, அன்னிக்கு மாடியிலேர்ந்து யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லடா. யாரும் பாக்கல.”

“அதானே” என்பான், ஆறுதலாக. “பாத்திருந்தா கூப்பிட்டிருப்பாங்க.”