பியட்றிஸின் குரல் போன வழி

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறிக் கண்டிக்கு, அரசாங்கக் கந்தோர் வேலைக்குப் போகும் பியட்றிஸுக்கு சீட் பிடிக்கிற கவலை இல்லாமல் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அதற்கு முந்திய முஸ்லிம் ஊரான மடவளையிலேயே ஏறிவிடும் றம்லத் தன் பக்கத்துச் சீட்டில் பெரிய துணிப்பையை வைத்துவிடுவாள். கண்டிக் கடைகளுக்காகத் தைத்த குழந்தைச் சட்டைகள் அதற்குள் இருக்கும். யாராவது உட்காரப் பார்த்தால், "ஆள் ஈக்கி" என்பாள். அந்த ஆள் அப்போது கட்டுகஸ்தோட்டையில் தலை வாரிக்கொண்டிருப்பதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆரம்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரர் தனபாலன். பஸ் எங்கே வருகிறது என்று அறிவதற்காகத்தான் தொடங்கினார், உண்மையில் பிரயோசனம்தான். மழை நாளில் கண்டக்டர் "வந்துட்டன்" என்று போட்ட பிறகு குடையோடு வீட்டை விட்டு இறங்கினால் போதும். ஒருத்தியின் மகளுக்கு இரத்தம் தேவைப்பட்டபோது, பஸ் கண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் கையை நீட்டியிருந்தார்கள். மற்றப்படி தனபாலனின் காலை வணக்க ரோஜாப்பூ, சீனி வியாதிக்கு வெண்டிக்காய்த் தண்ணீர், இதை இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்ற மிரட்டல். இதற்கெல்லாம் பயந்து றம்லத் போனைப் பைக்குள்ளேயே சட்டைகளுக்கு அடியில் போட்டுவைப்பாள்.

குழுவில் பாதிப் பேர் சிங்களத்தில் எழுதுவார்கள், பாதிப் பேர் தமிழில். நடுவில் பாலம் போட்டவள் பியட்றிஸ். இது யுத்த காலத்துப் பழக்கம். செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து ஆமிக்காரன் சிங்களத்தில் கேள்வி கேட்க, வடக்கிலிருந்து வந்த பெரியவர்கள் வியர்த்துப்போய் நிற்பார்கள். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து சிங்களப் பிள்ளைகளோடு படித்த பியட்றிஸ் எழுந்து, அவன் கேட்டதை அவன் கேட்டபடியே சொல்வாள். இவர்கள் சொன்னதை இவர்கள் சொன்னபடியே சொல்வாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். அதில்தான் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு கந்தோரில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

குழுவிலும் அதே முறை. சிங்களத்தில் ஏதாவது வந்தால் தட்டெழுதச் சோம்பல்பட்டு, குரலில் பதிந்து போடுவாள்: "பியட்றிஸ் பேசுறேன். சிங்களத்துல வந்தத தமிழ்ல சொல்றேன்." அந்த இரண்டு வரி இல்லாமல் அவள் தொடங்கியதே இல்லை, இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச் மாதத்து அந்த ஒரு நாளைத் தவிர.

திகனப் பக்கம் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளை எரித்த வாரம் அது. ஊரடங்கு, பஸ் இல்லை, கந்தோர் இல்லை. ஆனால் குழு மட்டும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் பஸ்ஸில் பின்சீட்டில் வரும் ஒரு சிங்களப் பொடியன், நல்ல மனதோடுதான், தனக்கு எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியைக் குழுவில் தட்டிவிட்டான். அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. பியட்றிஸ் ஒரு கையால் மூடியைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்தி, நேரே விஷயத்துக்குப் போய்விட்டாள்:

"பின்னேரம் கட்டுகஸ்தோட்ட பாலத்தால லொறி லொறியா ஆளுங்க மடவளைக்கு வாறாங்க. வீட்ட விட்டு போயிருங்க."

பருப்பை இறக்கி வைத்துத் தாளித்தும் முடித்தாள்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது டொரொன்டோவிலிருந்து தம்பி யாகப்பர் கூப்பிட்டான். அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை.

"அக்கா, நீ எங்க ஓடிப்போயிருக்க?"

"எங்கயும் ஓடல. பருப்பும் சோறும் சாப்பிடுறேன்டா."

"அப்ப அந்த லொறி? ஒன் கொரல் இங்க மூணு குரூப்புல வந்துருச்சு. கண்ணால பாத்த பொம்பள சொல்றான்னு போட்ருக்காங்க!"

பியட்றிஸ் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். டொரொன்டோவுக்கே போன குரல் மடவளைக்குப் போகாமல் இருந்திருக்குமா? றம்லத் அதைக் கேட்டிருப்பாள். நல்லபடி தெரிந்த குரலல்லவா, உடனே நம்பியிருப்பாள். ஊரடங்கு நேரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினால், லொறி வராவிட்டாலும் வேறு எதுவும் வரலாம்.

போனை எடுத்து, "அது நான் கண்டதில்ல" என்று பதிந்து அனுப்பினாள். செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் அப்படியே நின்றது, செய்தி போகவில்லை. அரசாங்கம் வாட்ஸ்அப்பை மறித்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பொய் போகும்வரை திறந்திருந்த வழி, மெய் புறப்படும்போது மூடிக்கொண்டது. றம்லத்துக்குச் சாதாரண அழைப்பு எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறதோ என்னவோ.

தனபாலனைக் கூப்பிட்டாள்.

"ஓம் அக்கா, நானும் கேட்டனான். என்ன நீங்கள், ரேடியோ செய்தி வாசிக்கிறமாதிரிச் சொல்லியிருக்கிறியள்!"

"பருப்பு பொங்கிருச்சு தம்பி."

"பருப்பால ஒரு ஊரையே கிளப்பிப்போட்டியள். பொறுங்கோ, மடவளைப் பள்ளிவாசல் தலைவர் எங்கட வங்கிக்கு வாறவர். அவரின்ரை போன் நம்பர் கிடக்கு."

பியட்றிஸ் கூப்பிட்டதும் தலைவர் மர்சூக் ஹாஜியார் உடனே எடுத்தார். பின்னால் வாகனச் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும்.

"ஹாஜியார், அந்த லொறிக் கதைய பத்திப் பேசணும்."

"ரோடு முழுக்க சனம் மூட்ட கட்டிக்கொண்டு நிக்கிது. எந்தப் பொம்புள செஞ்ச வேலயோ தெரியல."

"நான்தாங்க அந்தப் பொம்பள."

பியட்றிஸ் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். ஹாஜியார் பெருமூச்சு விட்டார்.

"போக வாணாம்ண்டு நான் செல்லிப் பாத்துட்டன். ஆரும் கேக்கிற இல்ல. எல்லாரும் ஒங்கட கொரலத்தானே நம்பியீக்கி." பிறகு, "பொம்புளட கொரல் பள்ளிவாசல் மைக்கில போனா நாளைக்கு எனக்கு நாலு பேர் ஏசுவாங்க. பரவால்ல. மௌத்து அறிவிக்கிற மைக்குதானே, ஒருத்தரும் சாவாம இருக்கவும் ஒருக்காப் பாவிப்பம். போனை மைக்குல புடிக்கிறன், செல்லுங்க."

பியட்றிஸ் எழுந்து ஜன்னலருகே போனாள். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தெரியும்.

"பியட்றிஸ் பேசுறேன்" என்றாள். பழக்க தோஷத்தில் அடுத்த வரியும் வாய்வரை வந்துவிட்டது; விழுங்கிக்கொண்டாள். மொழிபெயர்க்க எதிரே யாரும் இல்லை. "மத்தியானம் நான் சொன்னது, சிங்களத்துல வந்த ஒரு கதைய தமிழ்ல சொன்னது. நான் எதையும் பாக்கல. இப்ப பாலத்த பாத்துக்கிட்டுப் பேசுறேன். ரெண்டு ஆமிக்காரங்க நிக்கிறாங்க. ஒரு நாய் படுத்திருக்கு. லொறி ஒண்ணும் இல்ல. இருட்டுறவரைக்கும் இங்கயேதான் நிப்பேன். ஏதாவது வந்தா நானே சொல்றேன். வீட்டுக்குள்ள போங்க."

சொன்னபடியே நின்றாள். ஹாஜியார் இடையிடையே கூப்பிட்டுக் கேட்டார். "நாய் எழும்பிப் போயிருச்சு" என்பதற்கு மேல் சொல்ல அவளிடம் செய்தி இருக்கவில்லை. ஆனால் றம்லத் மட்டும் அன்றும் போனை எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய காலையில் பியட்றிஸ் படியில் கால் வைத்ததும் தலையை நீட்டிப் பார்த்தாள். றம்லத் இருந்தாள். பக்கத்துச் சீட்டில் பை இருந்தது. பக்கத்தில் போய் நின்றாள். றம்லத் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஆள் ஈக்கி."

பியட்றிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. பஸ் ஒரு வளைவு திரும்பிய பிறகுதான் றம்லத் பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"இருங்க, அக்கா. ஒங்கட கொரலக் கேட்டு மூட்டையக் கட்டினன். திரும்ப ஒங்கட கொரலக் கேட்டு அவுத்தன். போன் எந்த மூட்டைக்குள்ள போச்சுண்டு நேத்து ராவுதான் கண்டுபுடிச்சன். இனி மடவளப் பக்கம் வந்தா வாய் தொறக்க வாணாம். ஊரே வேன் புடிச்சிரும்!"

முன்சீட்டிலிருந்து தனபாலன் சிரித்தார். சில நாளில், இருவரும் பஸ்ஸில் வரும்போதே, வாட்ஸ்அப் தடை நீங்கியது. அவருடைய தேங்கிப்போன ரோஜாப்பூக்களெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றின் பின்னால் சிங்களத்தில் ஒரு செய்தி: எங்கோ பாதை மூடியிருக்கிறதாம். பியட்றிஸின் விரல் தானாகவே பொத்தானுக்குப் போனது. றம்லத் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"மொதல்ல யார் கண்டதுண்டு கேளுங்க."

பியட்றிஸ் அந்தக் கேள்வியைச் சிங்களத்தில் கேட்டாள். இதுவரை பதில் வரவில்லை.