மாதம் ஐம்பது கிராம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தவமணியிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணே, புள்ள குளிச்சாச்சு. கை, கால், தலை எல்லாம் தனித்தனியா ஃபேன்ல காயுது. நாலு மணிக்கு வந்து எடுத்துக்குங்க. அக்காகிட்ட ஊசி போட்டாச்சு, காய்ச்சல் ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க." பன்னிரண்டரை மணிக்கு நான் சோற்றில் கை வைத்திருந்தபோது அவருடைய கணவர் முனியாண்டி கூப்பிட்டார். தவமணி இறந்துவிட்டார் என்றார். எங்கள் மலாக்கா மாநிலத்து நியாலாஸ் கடைத்தெருவில் மீன் வாங்க நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நான் அந்த மனிதரிடம் சண்டைக்குப் போனேன். "என்னய்யா பேசுற? காலையிலதானே என்கிட்ட பேசினாங்க?" என்று கத்தினேன். காலையில் பேசியவர் மத்தியானம் சாகக் கூடாது என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல. "ஆமாண்ணே" என்று மட்டும் சொன்னார் முனியாண்டி. இன்றைக்கு எட்டாம் நாள். எனக்கு இன்னும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பத்திரண்டு வயது. தலைவலி என்றுகூட ஒரு நாள் சொன்னதில்லை. இது எந்த விதத்தில் நியாயம் என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை.

தவமணியிடம் பொம்மை கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிஜக் குழந்தை போலவே செய்யப்பட்ட பொம்மைகள் இருக்கின்றன. ரீபோர்ன் என்பார்கள். நகம், புருவம், தோலுக்கு அடியில் ஓடும் பச்சை நரம்பு வரை தீட்டியிருக்கும். ஆசைக்குச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. எங்களைப் போல வேறு வழியில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அவற்றைக் கழுவி, கறை நீக்கி, முடி வாரி, பழுது பார்த்துக் கொடுப்பதுதான் தவமணியின் வேலை. முன்பு ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்னப் பாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

என் மனைவி பார்வதிக்கு மறதி நோய் வந்து இது நான்காவது வருடம். ஆரம்பத்தில் அவள் வீடு முழுக்கக் குழந்தையைத் தேடுவாள். "தொட்டில்ல புள்ளயக் காணோம்" என்று வாசல் கிரில்லைப் பிடித்து உலுக்குவாள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் மகள் யாரோ சொல்லக் கேட்டு இப்படி ஒரு பொம்மையை வாங்கி அனுப்பினாள். பார்வதி அதைக் கையில் வாங்கி, தம்பி என்று பெயர் வைத்து, அன்றைக்கே அமைதியாகிவிட்டாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. லோரி கம்பெனியில் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, இருபது டிரைவர்களை அதட்டி வேலை வாங்கியவன் நான். நாங்கள் குடியிருக்கும் பாச்சாங்கில் தெருக்காரர்கள் கண்ணில் அந்தப் பொம்மை படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் பார்வதி தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். நல்லெண்ணெய், மஞ்சள், வெந்நீர், சாம்பிராணிப் புகை, கன்னத்தில் திருஷ்டிக்கு மை, எதுவும் குறையவில்லை. பொம்மை மஞ்சளாகிவிட்டது. துணி உடம்பு தண்ணீரைக் குடித்து, நாலாம் நாள் பூஞ்சை வாடை அடித்தது. கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தவமணியின் பெயரைச் சொன்னார். பார்வதி தூங்கும்போது பொம்மையை உருவி, ஒரு பிளாஸ்டிக் பையில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நியாலாஸுக்குக் காரை ஓட்டினேன்.

தவமணி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏண்ணே, இது என்ன கோழியா? தலையைத் தாங்கிப் பிடிங்க" என்றார். முதல் பேச்சே அதுதான். "பொம்மைதானேம்மா" என்றேன். "பொம்மைதான். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதில்ல? நாளைக்கு அவங்க முன்னால இப்படித் தூக்கினா அவங்க மனசு என்னா ஆகும்?" என்றார். பார்வதி செய்த காரியத்தைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கும் திட்டு விழுந்தது. "அக்கா ஒண்ணும் தப்பா செய்யலையே. புள்ளைக்குச் செய்ய வேண்டியத வரிசை மாறாம செஞ்சிருக்காங்க."

மஞ்சளை அவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கன்னத்து மை மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. பருவுக்குப் போடும் களிம்பைத் தடவினால் கறை போகும், ஆனால் தீட்டிய சிவப்பும் சேர்ந்து போய்விடும் என்றார். "இருக்கட்டும்ணே. உங்க வீட்டுப் புள்ளன்னு ஒரு அடையாளம்." அவர் வாய்க்கு யாரும் தப்பியதில்லை. மலாக்கா டவுனிலிருந்து ஓர் அம்மாள், கண்ணாடி அலமாரியை ஜன்னலோரம் வைத்து, பதினொரு பொம்மைகளையும் வெளுக்க விட்டுக் கொண்டுவந்தபோது நானும் அங்கே இருந்தேன். "அழகுக்கு வச்சிருக்கீங்களா, கருவாடு காய வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் தவமணி. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மறு மாதமே திரும்பி வந்தார்.

பொம்மை தவமணியிடம் இருந்த அந்த இரண்டு நாளும் பார்வதி சாப்பிடவில்லை. அதைச் சொன்னதும் அடுத்த முறை தவமணியே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அட்டை. குழந்தைகளுக்குக் கிளினிக்கில் கொடுப்பதுபோல அவரே கோடு போட்டுத் தைத்தது. தேதி, எடை, அடுத்த தேதி. "அக்கா, தம்பிக்கு ஊசி போடணும். ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். பார்வதி அட்டையை வாங்கிப் பார்த்தாள், பொம்மையை அவரிடம் கொடுத்தாள், சாயங்காலம் சாப்பிட்டாள். அதிலிருந்து மாதம் ஒருமுறை தம்பிக்கு ஊசி.

எடை ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ எண்ணூறு. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் பார்வதி அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பெயர் நினைவில்லாத நாள் அது. "தவமணி, புள்ள எடை ஏறவே இல்லையே" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. தவமணி அட்டையை வாங்கி மறுபடி ஒருமுறை படித்தார். கார் வரைக்கும் வழியனுப்ப வந்த என்னிடம், "அக்கா சரியாத்தான் கேக்கறாங்க" என்றார். அட்டையில் கூட்டி எழுதிவிட்டால் போயிற்று என்று நான் யோசனை சொன்னேன். "கார்டுல பொய் எழுத மாட்டேண்ணே. தூக்கறவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

இந்தப் பொம்மைகளின் துணி உடம்புக்குள் கனத்துக்காகக் கடுகு போன்ற கண்ணாடி மணிகள் இருக்கும். கழுவும்போது மணிகளை ஒரு மைலோ டின்னில் கொட்டி வைப்பார். காய்ந்ததும் திரும்ப நிரப்பி, கை, கால், கழுத்தைக் கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குவார். அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஐம்பது கிராம் மணி கூடுதலாகப் போட்டார். தம்பி வளர ஆரம்பித்தான். பார்வதி தூக்கிப் பார்த்து, "இந்த மாசம் நல்லா கனக்குறான்" என்பாள். அவள் சொன்னது உண்மை.

நான்தான் ஒரு கட்டத்தில் எரிந்து விழுந்தேன். அவள் கையில் தெம்பு குறைந்துகொண்டே போகிறது, நீ பாரத்தை ஏற்றிக்கொண்டே போகிறாயே என்று கேட்டேன். "தூக்க முடியலன்னா நீங்க ஒரு பக்கம் பிடிங்கண்ணே. இத்தன நாளா என்னா செய்றீங்க?" என்றார் தவமணி. நான் பிடிக்கவில்லை. கழுவக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பலமுறை சொன்னார். அதையும் கற்றுக்கொள்ளவில்லை. பொம்மையைக் குளிப்பாட்டுவது என் தலையெழுத்தா என்று கேட்டவன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுச் சீன அம்மாவைப் பார்வதிக்குத் துணையாக வைத்துவிட்டு நான்கு மணிக்கு நியாலாஸ் போய்ச் சேர்ந்தேன். உடல் இன்னும் வரவில்லை. வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் நின்று பொம்மையைக் கேட்பது எப்படி? கேட்காமல் திரும்பினால் பார்வதி அன்றிரவு என்ன ஆவாள்? இரண்டும் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். முனியாண்டியே என்னைப் பார்த்துவிட்டுப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். பாய் எடுக்கப் போன ஒரு பெண் தலையும் கைகளும் தனித்தனியாகக் கிடப்பதைப் பார்த்து அலறியதால் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அவர் போட்டுவிட்டுப் போனது. யாரும் நிறுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் இனி வரப்போவதில்லை என்பது எனக்கு உறைத்தது. அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துண்டின் மேல் தம்பியின் தலை, கன்னத்து மையோடு. மைலோ டின்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் மணிகள். இரண்டையும் துணி உடம்புக்குள் கொட்டினேன். கேபிள் டையைக் கோத்து இழுத்தேன். இறுகவில்லை. முனியாண்டி குறடு ஒன்றை எடுத்தார். "அவ கைக்கு வலிக்கும்னு கடைசி இழுப்பு நான்தாண்ணே இழுப்பேன்" என்றார். ஐந்து இடத்திலும் இழுத்தார். மிச்ச வாலை நறுக்கினார். பிறகு அந்தக் குறட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் மறித்தார். "சாவு வீட்டுலேருந்து புள்ளயத் தூக்கிட்டுப் போறதா? என்னா பழக்கம் இது?" என்றார். "கொண்டுபோகட்டும் மாமா. நாலு மணிக்கு வரச் சொன்னது அவதான்" என்றார் முனியாண்டி. முழங்கை மடிப்பில் தலையைத் தாங்கி, அத்தனை பேர் நடுவில் தம்பியைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் நடந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

இழவு வீட்டிலிருந்து வந்தவன் குளிக்காமல் உள்ளே போக முடியாது. பிள்ளையும் அங்கிருந்துதானே வந்திருக்கிறது? வாசல் குழாயில் உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தம்பிக்கு ஊற்றக் கூடாது என்பது வரை எனக்குத் தெரியும். அப்போதுதான் நினைவு வந்தது. துடைக்கும் முறையைச் சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே அவர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் அதைத் திறக்கவே இல்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும்ணே. இருந்தாலும் அனுப்புறேன். நான் பழனிக்குப் போயிட்டா அந்த மாசம் நீங்கதான் செய்யணும். துணியில ஈரம் இருக்கணும், தண்ணி இருக்கக் கூடாது. நெத்தியிலேருந்து கீழ வாங்க. காது பின்னால மறக்காதீங்க. வெரல் இடுக்குல பஞ்சுக் குச்சி போடுங்க. அழுத்தாதீங்க, லோரி கழுவுற மாதிரி கழுவாதீங்க." கடைசியில் ஒரு சிரிப்பு. செத்துப்போனவர் அன்று சாயங்காலம் புதிதாகப் பேசுகிறார், என்னைக் கேலி செய்கிறார். அவர் சொன்ன வரிசையில் நெற்றியிலிருந்து துடைத்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

உள்ளே பார்வதி கையை நீட்டினாள். "எடை பாத்தாங்களா?" என்றாள். தம்பியோடு எடுத்துவந்த அட்டையைப் பார்த்தேன். கடைசி வரியில் தவமணி தேதியை எழுதியிருந்தார், அடுத்த தேதியையும் எழுதியிருந்தார். எடை மட்டும் காலி. பூட்டி முடித்த பிறகுதான் நிறுப்பார். போன மாதம் மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. தம்பியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். முள் நான்கில் வந்து நின்றது. அந்த டம்ளரில் இருந்தது ஐம்பது கிராம். மீன் வாங்கப் புறப்படும் முன் அளந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். தராசின் முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். மறுநாள் அவர் சவப்பெட்டியின் முன்னால்கூட அப்படி அழவில்லை.

நான்கு கிலோவை இப்போது பார்வதியால் தனியாகத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலைப்பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். தவமணி எனக்கு விட்டுப்போனது இந்த அட்டையும் இந்த வேலையும்தான். கடைசி வரியில் தேதி அவர் கையெழுத்து, எடை என் கையெழுத்து. காரியத்தன்று மைலோ டின்னையும் மிச்சமிருக்கும் மணிகளையும் தருவதாக முனியாண்டி சொல்லியிருக்கிறார். அவர் குறித்து வைத்த அடுத்த தேதிக்கு நான்தான் துணியை நனைத்துப் பிழிய வேண்டும், ஐம்பது கிராமை அளக்க வேண்டும்.

அன்றைக்கு எடையைச் சொன்னதும் பார்வதி முகமெல்லாம் சிரித்தாள். "நான் சொன்னேன்ல, ஏறும்னு? தவமணிகிட்ட மறக்காம சொல்லிடுங்க" என்றாள். எட்டு நாளாகத் தினமும் கேட்கிறாள், சொல்லிவிட்டீர்களா என்று. அவரிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தவமணி, புள்ள நாலு கிலோ.