ஏரிக்கரையில் கூப்பிட்ட பெயர்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். முறையாகப் பார்த்தால் அப்பாவுக்குத்தான் அத்தை, தாத்தாவின் தங்கை. அப்பா கூப்பிடுவதைக் கேட்டு அம்மாவும், அம்மாவைக் கேட்டு நானும் அப்படியே பழகிவிட்டோம். சாலவாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில், கப்பலேறிப் போய்க் கால்நடையாகத் திரும்பி வந்த ஒரே பெண்பிள்ளை அவள். கல்யாணமான கையோடு ரங்கூன் போனவள், ஜப்பான் சண்டையில் குண்டு விழத் தொடங்கியதும் புருஷனோடும் மூன்று வயது மகளோடும் காட்டு வழியாகக் கிளம்பினாள். புருஷன் வழியிலேயே காலராவில் போய்விட்டார். அடுத்து மகளுக்குக் காய்ச்சல். தூக்கி நடக்கத் தெம்பில்லாமல், மாட்டு வண்டியில் போன ஒரு தமிழ்க் குடும்பத்தோடு குழந்தையை ஏற்றிவிட்டு, அடுத்த ஊரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஊரில் அந்த வண்டியைக் காணோம்.

இதை அத்தை அழுதுகொண்டே சொல்லி நான் கேட்டதில்லை. பர்மாவிலிருந்து வந்தவர் யாரோ உத்திரமேரூரில் கடை போட்டிருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். விசாரித்துவிட்டுத் திரும்பும்போது எனக்குக் காராசேவு வாங்கி வருவாள். அதனால் பர்மாவிலிருந்து இன்னும் நிறையப் பேர் வரவேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொள்வேன்.

நான் நான்காவது படிக்கும்போது காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்து ஆளை உருக்கியது. டாக்டர் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். அது போதாதென்று அப்பா குறி கேட்கவும் போனார். "உங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு துணி கேட்டுக்கினு நிக்குது" என்றாராம் குறிக்காரர். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். பம்பை அடித்து, ஏரிக்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்து வந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அது யாராக இருக்கும் என்று யோசிக்க அப்பாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அது செத்துச்சின்னு யாரு பாத்தா?" என்று சீறினாள் அத்தை. "உசுரோட கீற பொண்ணுக்கு இன்னாத்துக்குடா படையல்?"

அப்பா வெளியே போய்விட்டார். அம்மாதான் விடவில்லை. நான் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு இது ஒண்ணுதான் பொண்ணு, அத்தே" என்று அழுதாள். அத்தை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. வைத்த கையை அவள் நெடுநேரம் எடுக்கவில்லை.

"சரி, செய்ங்க" என்றாள்.

துணிக்கடைக்கு அப்பாவோடு அவளும் போனாள். எத்தனை வயதுப் பெண்ணுக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நாப்பத்தஞ்சு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புடவைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாளாம். அப்பா திருதிருவென்று விழித்து, கடைசியில் அவள் எடுத்த புடவையையும் சின்னதாக ஒரு சிவப்புப் பாவாடையையும் சேர்த்தே வாங்கி வந்தார். அந்தப் பாவாடை எனக்குப் பத்தாது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே துக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். அப்பா என்னைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டார். சொம்பின்மேல் வைத்த பூ தானாக விழுந்தால், கூப்பிட்டவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். பம்பைக்காரர் பாடிப் பாடிக் கூப்பிட்டார். அப்பாவும் கூப்பிட்டுப் பார்த்தார். பூ அசையவில்லை. "பெத்தவ கூப்புடணும்" என்றார் பம்பைக்காரர். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றாள்.

அதற்குப் பிறகு அத்தை தொண்ணூறு தாண்டி வாழ்ந்தாள். என் கல்யாணத்தைப் பார்த்தாள், என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பர்மாக்காரர் யாரையும் தேடி அவள் பஸ் ஏறியதை மட்டும் நான் மறுபடி பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல் விட்டது மாத்திரையாலா பூவாடைக்காரியாலா என்கிற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. என் மகள் பிறந்து, அவளுக்கும் ஒருநாள் உடம்பு சுட்டபோதுதான், அத்தை எனக்காக எதை விட்டுக்கொடுத்தாள் என்பது உறைத்தது. அப்போதும் அவள் உயிரோடு, பக்கத்து அறையில்தான் இருந்தாள். போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அன்று கரையில், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், அத்தை வாயைத் திறந்தாள். "பவுனு, வாம்மா" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

பூ விழுந்தது. "வந்துட்டா!" என்று பம்பைக்காரர் கத்தினார். பம்பை முழங்கியது. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அத்தை மட்டும் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் காதில் கேட்டேன்: "பவுனுதான் வந்துட்டாளே, அத்தை இன்னாத்துக்குப்பா அழுவுது?"