கேட் இருந்த இடம்

சுரங்கப்பாதை வாசலில், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய மரக்கட்டை ஒன்றை யாரோ உட்காரப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் அதிலிருந்து தார் வாசம் வந்தது. ஆட்டோவில் இருந்த எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் முன்பு இதே இடத்தில் இருந்த ரயில்வே கேட்டுக்கு அப்பா கேட்கீப்பர். மதியம் அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள், நானும் கூட வருவேன். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்ததும் அப்பா சக்கரத்தைச் சுற்றுவார், சங்கிலி கிறீச்சிடும், கேட் இறங்கும், வண்டிக்காரர்கள் வாயைத் திறப்பார்கள்.

"அண்ணாச்சி, ரயிலு மதுரையில கெளம்புனதுமே பூட்டிட்டீகளா?"

"செத்த நேரம் பொறுங்க" என்பார் அப்பா. எல்லாருக்கும் அதே பதில்தான்.

ஒருநாள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் அம்மா, அவள் காலடியில் நான். பூட்டிவிட்டதாக ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டால், ரயில் போகும்வரை திறக்கக் கூடாது.

"தொறங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா சக்கரத்தைப் பிடித்தபடி அவளிடமும் அதையே சொன்னார். கூட்ஸ் வண்டி மெதுவாகத்தான் வந்தது.

அம்மா பிழைத்தாள். வயிற்றில் இருந்த தம்பி பிழைக்கவில்லை. அதன் பிறகு தூக்குவாளியை நான் மட்டும்தான் கொண்டுபோனேன்.

இப்போது ரயில் மேலே கரண்டில் ஓடுகிறது. கீழே இறங்கி ஏற அரை நிமிஷம்கூட ஆகாது. பாதி வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க எதுக்குக்கா? பின்னால வண்டி வருது."

"செத்த நேரம் பொறுப்பா" என்றேன்.